உதவி தேவை: ஒரே சீட் எண் கொடுத்தாலும் இரண்டு கணினிகளில் இரண்டு வேறு அரக்கர்கள் வருகின்றன (கோடாட், ரோக்லைட்)

கேள்வி: கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் சித்தப்பா மகனும் கோடாட் என்ற விளையாட்டு எஞ்சினில் ஒரு ரோக்லைட் விளையாட்டை (இறந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய, சுற்றுக்குச் சுற்று களம் மாறும் வகை) உருவாக்கி வருகிறோம். களம் நம் டெல்டாதான். ஆட்டக்காரர், கடைமடையில் ஒரு நீரொழுங்கியை (மதகுகள் கொண்ட தடுப்பை) காவல் காக்கும் பணியாளர். ஜூன் 12 அன்று மேட்டூர் திறப்பதில் தொடங்கி, ஜனவரி 28 அன்று மூடுவதில் முடியும் பாசன ஆண்டு ஒன்றுதான் எங்கள் விளையாட்டில் ஒரு சுற்று. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனத் தண்ணீர் பிரிவதைப் போலவே வழித்தடமும் பிரிந்துகொண்டே போகும். இடையில் இறந்துவிட்டால் அந்த ஆண்டு போய்விடும். ஆனால் மதகுப் பதிவேட்டில் எழுதிவைத்த குறிப்புகள் அடுத்த சுற்றுக்கும் நிற்கும். தண்ணீர் வரக்கூடாத திசையிலிருந்து, அதாவது கடலிலிருந்து வாய்க்கால் வழியே மேலேறி வருவதுதான் கதையின் அச்சம். அந்தத் தண்ணீரோடு வருபவை மனிதரைப் பகைப்பவை அல்ல. மனிதர் இருப்பதையே பொருட்படுத்தாதவை.

எங்கள் இருவருக்கும் படம் வரையத் தெரியாது. ஆகவே, ஆட்டம் ஓடும்போதே ஆட்டக்காரரின் கணினியில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற, படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரியை இயக்கி, அந்தச் சுற்றின் சீட் எண்ணை (ரேண்டம் தேர்வுகளுக்குத் தொடக்கமாகத் தரும் எண்ணை) கொண்டு அரக்கர்களை உருவாக்குமாறு அமைத்திருக்கிறோம். இதில் நான்கு சிக்கல்கள் இருக்கின்றன.

என் கணினியில் ஒரு சீட் எண்ணுக்கு வரும் அரக்கன், வேறு நிறுவனத்தின் கிராபிக்ஸ் கார்டு உள்ள தம்பியின் மடிக்கணினியில் வேறு உருவத்தில் வருகிறது. சில வேளைகளில் அதன்பின் வழித்தடமே மாறிவிடுகிறது. நடை அசைவுக்காக ஃபிரேம் ஃபிரேமாகப் படம் உருவாக்கினால், ஒவ்வொரு ஃபிரேமிலும் உடல் மாறித் துடிக்கிறது. பல கைகள், பல கண்கள் என்று ப்ராம்ப்டில் (மாதிரிக்குத் தரும் விவரிப்பில்) எழுதினால் கோயில் சிற்பங்களின் சாயலில் உருவங்கள் வருகின்றன. தெய்வச் சாயலுள்ள ஒன்றை ஆட்டக்காரர் வெட்டி வீழ்த்துவதாக அமைக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியாக, விளையாடிப் பார்த்த நண்பர்கள், எது எப்படித் தாக்கும் என்று கற்றுக்கொள்ளவே முடியவில்லை என்கிறார்கள். எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது என்று வழிகாட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

பதில்: தஞ்சாவூர்

வணக்கம் நண்பரே. உங்கள் முதல் சிக்கலில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் பின்னிக் கிடக்கின்றன என்று நினைக்கிறேன். அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

டிஃப்யூஷன் மாதிரி, வெறும் இரைச்சலிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அதைச் சுத்தம் செய்து படமாக்குகிறது. நீங்கள் தரும் சீட் எண் தீர்மானிப்பது அந்தத் தொடக்க இரைச்சலைத்தான். அந்த இரைச்சலைக் கிராபிக்ஸ் கார்டே உருவாக்கினால், ஒரே எண்ணுக்குக் கார்டுக்குக் கார்டு வேறு இரைச்சல் வரக்கூடும். அதைச் சிபியுவில் உருவாக்கிக் கார்டுக்கு அனுப்பினால் தொடக்கம் ஒன்றாகிவிடும். படங்களும் பெரும்பாலும் ஒத்துவரும். ஆனாலும், தசமக் கணக்குகளை ஒவ்வொரு கார்டும் வேறு வரிசையில் கூட்டுவதால் மிகச் சிறிய வேறுபாடுகள் எழுந்து, படிகள் செல்லச் செல்லப் பெரிதாகலாம். பார்வைக்கு நெருங்கிய படம் போதும் என்றால் இது போதும். அச்சு அசலாக அதே படம் வேண்டும் என்றால் போதாது. ரோக்லைட்டில் ஒருவர் தன் சீட் எண்ணை இன்னொருவருக்குக் கொடுத்து, "இதை ஆடிப் பார்" என்று சொல்வது வழக்கம் என்பதால், உங்களுக்கு அச்சு அசல்தான் வேண்டும்.

வழித்தடம் மாறுவது வேறு கோளாறு. வரைபடம், அரக்கன், கிடைக்கும் பொருள் எல்லாவற்றுக்கும் ஒரே ரேண்டம் எண் வரிசையிலிருந்து எடுக்கிறீர்களா? படம் உருவாகத் தாமதமானால் புதிய எண் எடுத்து மறுபடி முயலும்படி எழுதியிருக்கிறீர்களா? அப்படியென்றால், வேகம் குறைந்த மடிக்கணினியில் ஒரே ஒரு மறுமுயற்சி நடந்தாலும் வரிசை ஓர் எண் நகர்ந்துவிடும். அதற்குப் பின் வரும் கிளை, மதகு, பொருள் எல்லாம் மாறிவிடும்.

என் பரிந்துரை இதுதான். ஆட்டத்தின்போது படம் உருவாக்குவதை முற்றிலும் நிறுத்திவிடுங்கள். உங்கள் கணினியில் முன்கூட்டியே உருவாக்கி, நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்த படங்களுக்கு அடையாள எண் இட்டு விளையாட்டோடு சேர்த்து அனுப்புங்கள். சீட் எண் படத்தை உருவாக்க வேண்டாம். எந்த அடையாள எண் வரவேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் போதும். வரைபடத்துக்கு ஒன்று, அரக்கர்களுக்கு ஒன்று, பொருள்களுக்கு ஒன்று எனத் தனித்தனி ரேண்டம் நம்பர் ஜெனரேட்டர் வைத்து, சுற்றின் சீட் எண்ணோடு ஒவ்வொன்றின் பெயரையும் சேர்த்து ஹேஷ் செய்து (ஒரு நிலையான எண்ணாக மாற்றி) அதற்கு ஊட்டுங்கள். தூசி, அலை போன்ற அலங்காரங்களுக்கு இவற்றில் எதையும் தொடாதீர்கள். கிராபிக்ஸ் கார்டே இல்லாத கணினியிலும் உங்கள் விளையாட்டு ஓடும் என்பது கூடுதல் நன்மை. நம் ஊர்ப் பிள்ளைகளில் பலரிடம் இருப்பது அத்தகைய கணினிதான்.

ஃபிரேம் துடிப்புக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு நிலைப்படத்தை மட்டும் உருவாக்கி, தாடை, கழுத்து, கால்கள் என்று துண்டுகளாக வெட்டி, கோடாட்டில் உள்ள இருபரிமாண எலும்புச்சட்டத்தில் பொருத்தி அசையுங்கள். தோல்பாவைக் கூத்தில் ஒரே தோலை மூட்டுக்கு மூட்டு வெட்டி நூலால் இணைத்து ஆட்டுவதைப் போன்றதுதான் இந்த முறை. உடல் ஒன்றே என்பதால் அது துடிக்காது.

பதில்: மன்னார்குடி

தஞ்சாவூர் நண்பர் சொன்னதைச் செய்தாலும் உங்கள் நான்காவது சிக்கல் தீராது. என் கணிப்பில் அதுதான் நான்கிலும் பெரியது. ஆகவே அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ரோக்லைட்டில் சாவுதான் பாடம். ஓர் அரக்கனிடம் தோற்றவர் அடுத்த சுற்றில் அதை மறுபடி காணும்போது, "இது முன்கால்களை ஊன்றினால் பாயப்போகிறது" என்று அறிந்து விலக வேண்டும். அந்த அறிவை அவருக்குத் தருவது உருவத்தின் புறவடிவம். மாதிரி உருவாக்கும் படங்களில் தோலும் ஈரமும் நிழலும் அருமையாக இருக்கின்றன. ஆனால் எது கால், எது வாய், எந்தப் பக்கம் முன்பக்கம் என்பதற்கு அவை பொறுப்பேற்பதில்லை. தாக்குதல் ஒரு திசையிலும் உருவம் வேறு திசையிலும் இருக்கும்போது ஆட்டக்காரருக்கு அச்சம் வராது, எரிச்சல்தான் வரும்.

மனிதரைப் பொருட்படுத்தாத பேரண்டத்தின் முன் எழும் அண்ட அச்சம் என்றால் விதியே இல்லாத குழப்பம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே விதி இருக்கிறது. அது மனிதரை மனத்தில் வைத்து இயற்றப்படாத விதி என்பதுதான் நடுக்கத்தைத் தருகிறது. அமாவாசை இரவில் மட்டும் மதகின் மூன்றாம் கதவைத் தொடும் ஒன்று, ஒவ்வோர் அமாவாசையும் தவறாமல் அதைத் தொட வேண்டும். ஏன் என்பது கடைசிவரை தெரியக்கூடாது. ஆனால் எப்போது என்பது தெரிந்தே ஆகவேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு தாக்குதல் முறைக்கும் ஓர் உடலமைப்பை நீங்களே முடிவு செய்யுங்கள். பாய்வது தாழ்ந்து அகன்றிருக்கட்டும். எட்டிப் பிடிப்பது உயர்ந்து மெலிந்திருக்கட்டும். நீரில் மறைந்து வருவதற்கு நீர்மட்டத்துக்கு மேல் ஒரே ஓர் அடையாளம் மட்டும் தெரியட்டும். ஹிட்பாக்ஸை (அடி படும் எல்லையை) அந்த உடலமைப்பில் பொருத்துங்கள்; உருவாக்கிய படம் அதன்மேல் போர்த்தும் தோலாக மட்டும் இருக்கட்டும். பிறகு படம் முழுவதையும் கறுப்பால் நிரப்பி, 64 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கி, விளையாட்டைப் பார்த்திராத ஒருவரிடம், "இது என்ன செய்யும்?" என்று கேளுங்கள். விடை ஏறக்குறைய சரியாக வந்தால் அந்த உருவம் நிற்கும்; வராவிட்டால் தோல் எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

மாதிரியின் நிலையின்மை உங்களுக்கு உண்மையிலேயே பயன்படும் இடம் ஒன்று இருக்கிறது: உங்கள் மதகுப் பதிவேடு. ஒரே அரக்கனைப் பற்றிய பக்கத்தில், முந்தைய காவலர்கள் ஒவ்வொருவரும் வரைந்துவைத்ததாகப் பல படங்களைக் காட்டலாம். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகக் கூடாது. கண்டவர்கள் அத்தனை பேரும் வெவ்வேறாக வரைந்திருக்கிறார்கள், ஆனால் எல்லோரும் ஒரே எச்சரிக்கையை எழுதியிருக்கிறார்கள் என்பது, களத்தில் நிற்கும் எந்த அரக்கனையும்விட அதிக அச்சம் தரும்.

பதில்: திருவாரூர்

வணக்கம் தம்பி. நான் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவள்; இப்போதும் கையால் வரைந்தே வாழ்கிறேன். இயந்திரம் உருவாக்கும் படங்களைப் பற்றி எனக்கு வருத்தங்கள் உண்டு. இருந்தாலும் உங்கள் மூன்றாவது கேள்வி நேர்மையானது என்பதால் எழுதுகிறேன்.

மனித உடலோடு பல கைகள் சேர்ந்த படங்கள் என்று அந்த மாதிரி கற்றவற்றில் தெய்வ உருவங்கள் நிறைய இருக்கும். நீங்கள் கேட்டதைத்தான் அது தருகிறது. வரக்கூடாதவற்றை எழுதும் நெகட்டிவ் ப்ராம்ப்டில் தடுத்தால் ஓரளவு குறையுமே தவிர நீங்காது. மனித உடலிலிருந்து தொடங்குவதையே விட்டுவிடுங்கள். கடலிலிருந்து ஏறி வருவது என்று கதை சொல்கிறீர்கள். அப்படியானால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு ஒருமுறை படகில் போய்வாருங்கள். நீர் வற்றிய சேற்றில் அலையாத்தியின் மூச்சுவேர்கள் பென்சில் பருமனில் செங்குத்தாக ஆயிரக்கணக்கில் நிற்கும். அருகில் குனிந்து பார்த்தால் அவற்றின் பட்டையில் மூச்சுவிடும் சிறு துளைகள் தெரியும். சேற்று நண்டின் கால்மூட்டு எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பாருங்கள். அது பக்கவாட்டில் ஓடுவதற்குக் காரணம் அந்த மூட்டுதான். இவற்றை நீங்களே படம் எடுத்து, அந்தப் படங்களைக் கொண்டு ஒரு லோரா (மாதிரிக்குப் புதிய சாயலைக் கற்பிக்கும் சிறு இணைப்பு) பயிற்றுவித்தால், தோலும் நிறமும் வண்டலின் சாயலில் வரும். கோயில் சிற்பமும் வராது, அயல்நாட்டுக் கடற்பூதமும் வராது.

மன்னார்குடிக்காரர் சொன்ன புறவடிவங்களை ஒரு மாணவரிடம் கூலி கொடுத்துக் கையால் வரைந்து வாங்குங்கள். முழு ஓவியத்துக்கு ஆகும் செலவு இதற்கு ஆகாது. அந்தக் கோட்டோவியத்தைக் கன்ட்ரோல்நெட் (கோட்டுக்கு ஏற்ப மாதிரியை வழிநடத்தும் துணைக்கருவி) வழியாகக் கொடுத்தால் மாதிரி அந்த வடிவத்துக்குள் பெரும்பாலும் அடங்கி நிற்கும். ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: வாழும் ஓவியர் எவருடைய பெயரையும் ப்ராம்ப்டில் எழுதாதீர்கள். ஒருவர் ஆயுள் முழுவதும் உழைத்துக் கண்ட கோடு அது.

கேட்டவர்: கும்பகோணம்

அக்காவுக்கும் மற்ற இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தஞ்சாவூர் நண்பர் ஊகித்தபடியேதான் மறுமுயற்சியும் பொது எண் வரிசையும் இருந்தன. மூன்றாகப் பிரித்தபின் இரண்டு கணினிகளிலும் ஒரே வழித்தடம் வருகிறது. முன்கூட்டியே உருவாக்கிய படங்களுக்கு மாறிவிட்டோம். பதிவேட்டுப் பக்கத்தைப் பற்றிய யோசனையைத் தம்பி அன்றிரவே செய்து முடித்துவிட்டான். விளையாடிப் பார்த்தவர்கள் அந்தப் பக்கத்தில்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். புறவடிவங்களை வரைய ஒரு மாணவி ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் விளையாட்டில் இடம்பெறும்.

இன்னும் இரண்டு ஐயங்கள். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வெளியிடும்போது, மாதிரி உருவாக்கிய படங்கள் இருப்பதை எப்படித் தெரிவிக்க வேண்டும்? மேலும், வெட்டியெடுத்த துண்டுகளைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு தெரிகிறது; இருண்ட நீரின்மேல் அது மிகவும் துருத்துகிறது.

பதில்: நாகப்பட்டினம்

ஸ்டீம் 2024 ஜனவரியில் இதற்கென ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தது. முன்கூட்டியே உருவாக்கியவை, ஆட்டத்தின்போது உருவாகுபவை என்று அதில் இரு வகைகள் உண்டு. இரண்டாம் வகையாக இருந்தால், சட்டத்துக்குப் புறம்பான எதுவும் உருவாகாமல் தடுக்க என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள் என்றும் விளக்க வேண்டும். நீங்கள் முதல் வகைக்கு மாறிவிட்டதால் அந்தச் சுமை இல்லை. எது கையால் வரைந்தது, எது மாதிரியால் உருவானது என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். அந்த விவரம் கடைப்பக்கத்தில் வாங்குபவருக்கும் தெரியும்.

உரிமையைப் பொறுத்தவரை, நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமோ மனிதர் படைத்த பகுதிக்கு மட்டுமே பாதுகாப்பு என்ற நிலையில் நிற்கிறது. 2023இல் ஒரு சித்திரக்கதையில் எழுத்துக்கும் படங்களைத் தொகுத்த முறைக்கும் உரிமை கொடுத்து, மாதிரி உருவாக்கிய தனிப்படங்களுக்கு மறுத்தது. ஆகவே கையால் வரைந்த புறவடிவங்களின் மூலத்தாள்களைத் தேதியிட்டுப் பத்திரமாக வையுங்கள். அந்த மாணவியோடு உரிமை பற்றி எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

பதில்: தஞ்சாவூர்

வெள்ளை விளிம்புக்குக் காரணம், மாதிரி ஒளிபுகும் பின்னணியைத் தராததால் நீங்கள் வெள்ளைப் பின்னணியில் உருவாக்கி வெட்டியது. ஒளிபுகும் பிக்சல்களிலும் வெள்ளை நிறம் உள்ளே ஒளிந்திருக்கும். படத்தைச் சுருக்கும்போது அது விளிம்பில் கசியும். கோடாட்டில் படத்தைத் தேர்ந்தெடுத்து, இறக்குமதிப் பலகத்தில் ஆல்ஃபா (ஒளிபுகும் அளவு) விளிம்பைச் சரிசெய்யும் தெரிவு இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கியும் விளிம்பு நின்றால், வெள்ளை ஏற்கெனவே ஓரப் பிக்சல்களில் கலந்துவிட்டது என்று பொருள். அத்தகைய துண்டுகளை உங்கள் நீரின் நிறத்தையே பின்னணியாக வைத்து மறுபடி உருவாக்கி வெட்டுங்கள்.

கேட்டவர்: கும்பகோணம்

அந்தத் தெரிவு சில படங்களில் அணைந்திருந்தது. இயக்கி மறுபடி இறக்குமதி செய்ததும் அவற்றில் விளிம்பு மறைந்துவிட்டது. தாடைத் துண்டுகளில் மட்டும் எஞ்சியிருந்ததால், அவற்றை வண்டல் நிறப் பின்னணியில் புதிதாக உருவாக்கினோம். இப்போது சுத்தமாக இருக்கிறது. இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடலாம். முத்துப்பேட்டைக்குப் போய்வந்தபின் லோரா பயிற்சியைப் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்குகிறேன்.