முதல் ரைபிள்: 2027 மே மாதத்துக்கு முன் வாங்கிவிட வேண்டுமா?

கேள்வி: ரெட்மண்ட்வாசி

வணக்கம். வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு அருகே ரெட்மண்டில் வசிக்கிறேன். கிரீன் கார்டு கையில் இருக்கிறது, குடியுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அலுவலக நண்பர்களுடன் ரேஞ்சுக்குப் போய்வந்ததிலிருந்து, குறிபார்த்துச் சுடுவதை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. சொந்தமாக ஒரு ரைபிள் வாங்குவதைப் பற்றி நிதானமாக யோசிக்கலாம் என்றிருந்த நேரத்தில், 2027 மே 1 முதல் இம்மாநிலத்தில் எந்தத் துப்பாக்கியை வாங்குவதற்கும் முன்கூட்டியே அனுமதி பெற்றாக வேண்டும் என்ற சட்டம் நிறைவேறியிருப்பதை அறிந்தேன். ராணுவ ரைபிள் சாயலில் அமைந்த ஏஆர்-15 வகை ரைபிள்களின் விற்பனையோ 2023லேயே நின்றுவிட்டது. இப்படியே போனால் நாளை எதுவும் கிடைக்காதோ என்ற கவலையில், இன்று கடையில் இருப்பவற்றில் சக்தி மிக்க செமி-ஆட்டோமேட்டிக் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றிக்கொள்ளும் வகை) ஒன்றை வாங்கி வைத்துவிடலாமா என்று தோன்றுகிறது. வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை உண்டு. மனைவிக்கு இதில் அரை மனதுதான். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பதில்: பைன்மரம்

உங்கள் கவலை ஆதாரமற்றது அன்று. ஆனால் சட்டங்கள் இதுவரை எவற்றைக் குறிவைத்திருக்கின்றன என்று பார்த்தால் அவசரம் பாதியாகக் குறைந்துவிடும். 1994இல் நாடு முழுவதற்குமாக வந்த தடை, சில வகை செமி-ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளின் புதிய உற்பத்தியையும், 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசின்களையும் (துப்பாக்கியில் பொருத்தும் தோட்டாப் பெட்டிகள்) பற்றியது. மக்களிடம் ஏற்கெனவே இருந்தவற்றை அது தொடவில்லை, 2004இல் காலாவதியும் ஆகிவிட்டது. நம் மாநிலத்தில் 2022 ஜூலையில் பெரிய மேகசின்களின் விற்பனையும், 2023 ஏப்ரலில் ஏஆர், ஏகே போன்றவற்றின் விற்பனையும் நின்றன. இவ்விரண்டு சட்டங்களும்கூட ஏற்கெனவே வைத்திருப்பவர் தொடர்ந்து வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. வேட்டைக்கும் இலக்குப் பயிற்சிக்கும் பயன்படும், ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்து ஏற்ற வேண்டிய போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்கள் இந்தத் தடைகள் எதிலும் சிக்கவில்லை.

2027இல் வரப்போவதும் தடை அன்று, நடைமுறை. கைரேகை கொடுத்து, உண்மையான தோட்டாக்களைச் சுட்டுப் பழகும் பயிற்சியை முடித்து, மாநிலக் காவல்துறையிடம் அனுமதி பெற வேண்டும். 2024 முதலே பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் 10 வேலைநாள் காத்திருப்பும் கட்டாயமாகிவிட்ட நிலையில், புதிதாகச் சேர்வது இவைதாம். கற்றுக்கொள்ள விரும்புவதாகச் சொல்லும் ஒருவர், இந்தப் பயிற்சியைத் தவிர்ப்பதற்காகவே அவசரமாக வாங்குவது எனக்குச் சற்று விசித்திரமாகப் படுகிறது. சொல்வதற்கு மன்னிக்கவும்.

அச்சத்தில் வாங்கும் கூட்டம் சந்தையை என்ன செய்யும் என்பதையும் பார்த்திருக்கிறோம். சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்த 2012 டிசம்பருக்குப் பிறகு, எந்தச் சட்டமும் குறிவைக்காத சிறிய ரக .22 தோட்டாக்கள்கூட நீண்ட காலம் கடை அலமாரிகளில் கிடைக்கவில்லை. பதறி வாங்கியவர்களில் பலர் உச்ச விலை கொடுத்துவிட்டு, சுட்டுப் பழகத் தோட்டா இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பதில்: கிழக்குச்சரிவு

சட்டத்தை அவர் சொல்லிவிட்டார். நான் ரைபிளைப் பற்றிச் சொல்கிறேன். காஸ்கேட் மலைக்குக் கிழக்கே மான் வேட்டைக்குச் செல்பவன் நான். முதல் துப்பாக்கி என்று யார் கேட்டாலும் .22 ரிம்ஃபயர் (அடிப்பகுதியின் விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் சின்னத் தோட்டா) என்பதுதான் என் பதில். தோட்டா விலை பெரிய ரகங்களைவிடப் பல மடங்கு குறைவு, தோளில் உதைப்பது அநேகமாகத் தெரியாது, சத்தமும் குறைவு. பெரிய .308 ரைபிளோடு தொடங்குபவர்களிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும்: விசையை அழுத்துவதற்கு முன்பே, வரப்போகும் உதைக்குப் பயந்து கண் மூடித் தோள் சுருங்கும், குறி கீழே போகும். அதைக் களைவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். .22இல் அந்தப் பயமே முளைப்பதில்லை. மூச்சை நிறுத்துவதும், விசையை மெல்ல அழுத்துவதும், சுட்ட பிறகும் குறியிலேயே கண் நிற்பதும் தானாகப் படியும். ஆனால் விளையாட்டுப் பொருள் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தச் சின்ன ஈயக் குண்டு ஒரு மைலுக்கும் மேல் பறக்கக்கூடியது.

போல்ட் ஆக்‌ஷனா, செமி-ஆட்டோமேட்டிக்கா என்றால், குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போல்ட் ஆக்‌ஷனையே சொல்வேன். போல்ட்டை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால், தோட்டா அமரும் அறை முழுவதும் கண்ணெதிரே திறந்துகொள்ளும். தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. போல்ட்டைத் தனியே கழற்றி வேறிடத்தில் பூட்டியும் வைக்கலாம். 1964இல் வந்து இன்றுவரை விற்பனையாகும் ரூகர் 10/22 அருமையான செமி-ஆட்டோமேட்டிக்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைசித் தோட்டா சுட்டபின் அதன் போல்ட் பின்னால் நிற்பதில்லை, தானாக மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் காலித் துப்பாக்கிக்கும் நிரம்பியதற்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் மேகசினை எடுத்து, கைப்பிடியை இழுத்துப் பிடித்து, அறையைக் கண்ணால் பார்த்து, விரல் நுனியால் தொட்டும் சரிபார்க்க வேண்டும். மறந்தும் இந்த வரிசையை மாற்றக் கூடாது; மேகசின் உள்ளே இருக்கும்போது கைப்பிடியை இழுத்துவிட்டால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும். இன்னொன்று: 2018 மக்கள் வாக்கெடுப்பில் வந்த சட்டத்தின் விளக்கப்படி, நம் மாநிலத்தில் .22 செமி-ஆட்டோமேட்டிக்கும் 'தாக்குதல் ரைபிள்' கணக்கில்தான் வரும். வாங்குபவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். சிரிப்பு வரலாம், ஆனால் சட்டம் அதுதான்.

நாளை மான் வேட்டை ஆசை வந்தால், ரிம்ஃபயர் அதற்கு அனுமதிக்கப்படவில்லை. அப்போது பெரிய ரகத்தில் ஒரு போல்ட் ஆக்‌ஷன் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தில் ஒரு பங்கை இப்போதே பூட்டும் இரும்புப் பெட்டிக்கு ஒதுக்கிவிடுங்கள். மனைவியின் அரை மனதுக்கும் அதுவே நல்ல விடை. கவனக்குறைவாக வைத்த துப்பாக்கி குழந்தை கையில் கிடைத்து விபரீதம் நேர்ந்தால், உரிமையாளர்மீது குற்ற வழக்கே வரலாம்.

கேள்வி கேட்டவர்: ரெட்மண்ட்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. .22 போல்ட் ஆக்‌ஷன் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. ஐடஹோ சென்று வாங்கினால் இந்த நடைமுறைகள் எல்லாம் குறையும் என்று ஒருவர் சொன்னார்; அது சரியா? எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர் ஒருவர், தமக்கும் சேர்த்து என் பெயரில் ஒன்று வாங்கித் தரச் சொல்கிறார். பணம் அவர் தந்துவிடுவார்.

பதில்: படிவக்காரன்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வேண்டவே வேண்டாம். கடையில் நீங்கள் நிரப்பும் 4473 என்ற கூட்டரசுப் படிவம், துப்பாக்கி உண்மையில் உங்களுக்காகத்தானா என்று கேட்கிறது. மற்றவர் பணத்தில் அவருக்காக வாங்கிக்கொண்டு 'ஆம்' என்று எழுதினால் அது கூட்டரசுக் குற்றம். மேலும் எச்-1பியில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகத் தடை செய்யப்பட்டது; செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு, மாநில விதிகள் தனி. அவர் தம் பெயரில், தம் ஆவணங்களோடு, வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு செல்லட்டும். குடியுரிமை பெறாத நமக்குத் துப்பாக்கிக் குற்றத் தீர்ப்பு ஒன்று வந்தால் அபராதத்தோடு முடியாது. நாடு கடத்துவதற்கே அது காரணமாகலாம்.

அதே படிவத்தில் குடியுரிமை பற்றிய கேள்விக்கு 'இந்தியா' என்று எழுதி, கிரீன் கார்டில் உள்ள ஏ-எண்ணைத் தவறாமல் நிரப்புங்கள். வேகமாக எழுதும்போது அமெரிக்கா என்று குறித்துவிடுவதை வெறும் கைப்பிழையாக அதிகாரிகள் பார்க்க மாட்டார்கள். கஞ்சா பற்றியும் கேள்வி உண்டு. நம் மாநிலத்தில் அது கடையில் கிடைத்தாலும், கூட்டரசுச் சட்டப்படி இன்னும் குற்றமே என்று படிவமே எச்சரிக்கிறது. அடையாள அட்டையில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். வீடு மாறியிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

ஐடஹோ வழி உங்களுக்குப் பயன்படாது. வேறு மாநிலத்தவருக்கு ரைபிள் விற்கும் கடைக்காரர் இரு மாநிலங்களின் சட்டங்களையும் பின்பற்றியாக வேண்டும் என்பது கூட்டரசு விதி. ஏஆர் வகையை வெளியே வாங்கி இங்கே கொண்டுவருவதையும் 2023 சட்டம் தடுக்கிறது. உள்ளூரிலேயே பயிற்சிச் சான்றோடு கடைக்குப் போங்கள். 10 வேலைநாள் காத்திருக்கும் இடைவெளியில் இரும்புப் பெட்டியைச் சுவரோடு பொருத்திவிடலாம்.