காவல், மீட்புப் பணிக்கான அலைக்கற்றை: சொல் வேண்டும்

கோவையிலிருந்து:
வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்கென்றே அலைக்கற்றையில் (ஸ்பெக்ட்ரம், ரேடியோ அலைகளின் தொகுதி) ஒரு பகுதியை ஏலம் விடாமல் எடுத்துவைப்பதற்கு என்ன சொல்வது? 'ஒதுக்கீடு' என்று எழுதினால், 2ஜி வழக்குக்குப் பிறகு, கம்பெனிக்குக் கொடுத்தது என்றுதான் பையன்கள் நினைக்கிறார்கள். 2018இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், சிக்னல் போக 10, வர 10 மெகாஹெர்ட்ஸை நாடு முழுக்க இந்தப் பணிக்கென்று வைக்கச் சொல்லிப் பரிந்துரைத்ததே, அந்த வரியில் வண்டி நின்றுவிட்டது.

பெருந்துறையிலிருந்து:
புறம்போக்கு என்று வையுங்க அம்மணி. சிரிக்க வேண்டாம். தீர்வை போடாமல், யாருக்கும் பட்டா கொடுக்காமல் ஊர்ப் பொதுவுக்கு விட்ட நிலம் அது. வண்டிப்பாதை, ஓடை, சுடுகாடு எல்லாம் அதில்தான். அலைப்புறம்போக்கு!

அவிநாசியிலிருந்து:
அண்ணா, புறம்போக்கு என்றால் அடுத்த வாரமே எவனாவது வேலி போட்டுவிடுவான். வகுப்பில் சொன்னால் திட்டுகிற மாதிரியும் இருக்கும்.

கரூரிலிருந்து:
தொல்காப்பிய உரியியலில் 'கடி' என்ற ஒரே சொல்லுக்குப் பத்துப் பொருள். காப்பு, விரைவு, அச்சம், சிறப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். போலீசுக்குக் காப்பு, ஆம்புலன்சுக்கு விரைவு, ஆபத்தில் இருப்பவனுக்கு அச்சம். இதைவிட என்ன வேண்டும்? கோட்டையைச் சுற்றிய காவற்காட்டைக் கடிமிளை என்றார்கள், அரசனின் காவல் மரத்தைக் கடிமரம் என்றார்கள். ஆகவே 'கடியலை'.

அவிநாசியிலிருந்து:
ஐயா, பையன் அதைக் கடிக்காத அலை என்று படிப்பான்.

சத்தியமங்கலத்திலிருந்து:
ஐயா சொன்ன கடிமிளைக்கு இன்றைக்குப் பெயர் காப்புக்காடு. 1882 சென்னை வனச் சட்டக் காலத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது, எங்கள் பக்கம் ஆடு மேய்ப்பவருக்கும் தெரிந்த சொல். அதே வழியில் 'காப்பு அலைக்கற்றை' போதாதா? திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. ஒரு கரும்பு லாரி வளைவில் மாட்டிக்கொண்டால் மேலேயும் கீழேயும் வண்டிகள் நின்றுவிடும். நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுப்பார்கள், கிடைக்கிற கொஞ்சம் சிக்னலும் திணறும். போலீஸ்காரர் போனும் அதே டவரைத்தான் நம்பியிருக்கிறது. இடுப்பில் இருக்கும் வாக்கிடாக்கி தனி அலையில் இருப்பதால் அது மட்டும் பேசும்.

அவிநாசியிலிருந்து:
போலீசையும் காப்பையும் சேர்த்துச் சொன்னால் கைவிலங்குதான் ஞாபகம் வருகிறது.

பெருந்துறையிலிருந்து:
எனக்குப் பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்டுதான் வருகிறது. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ. காட்டில் சும்மா கிடந்த பூளைப்பூவை இப்போது கட்டு கட்டி விற்கிறார்கள், தெரியுமா?

கோவையிலிருந்து:
பூளைப்பூவை ஜனவரிக்கு வைத்துக்கொள்ளலாமுங்க. நாளை மறுநாள் அச்சு.

ஊட்டி சாலையிலிருந்து, ஓய்வுபெற்ற வயர்லெஸ்காரன்:
நாங்கள் வாழ்நாள் முழுக்க 'மைக்' என்றே சொல்லி ஓட்டிவிட்டோம். இருந்தாலும் ஒன்று. 2001இல் நியூயார்க் கோபுரங்கள் எரிந்தபோது போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து வந்த எச்சரிக்கை, உள்ளே ஏறிக்கொண்டிருந்த தீயணைப்புக்காரர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு துறைக்கும் ரேடியோ வேறு வேறு. அந்தப் பாடத்தால்தான் 2012இல் அமெரிக்கா சட்டம் போட்டு 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மொத்தம் 20 மெகாஹெர்ட்ஸை எடுத்துவைத்தது. ஆனால் 2017இல் அதை நடத்த ஏடி அண்ட் டி என்ற போன் கம்பெனியிடம் கொடுத்தார்கள். சும்மா இருக்கும் நேரத்தில் அந்தக் கம்பெனி தன் சாதாரண வாடிக்கையாளரையும் அதில் ஏற்றலாம், தீயணைப்பு வண்டி வந்தால் மற்றவர்களைத் தள்ளிவிட வேண்டும். எடுத்துவைப்பது ஒன்று, தள்ளிவிட்டு ஏறுவது வேறொன்று. இரண்டையும் 'காப்பு' என்று எழுதினால் பாடம் தப்பு.

சத்தியமங்கலத்திலிருந்து:
பின்னதற்கு 'முந்துரிமை'?

கரூரிலிருந்து:
அது வரிசையில் முன்னால் நிற்பது. ஏற்கனவே உட்கார்ந்திருப்பவனை எழுப்பிவிடுவதற்கு அது பொருந்தாது. 'கடிதல்' என்றால் விலக்குதல். மறுபடியும் கடிதான், பாருங்கள்!

அவிநாசியிலிருந்து:
ஐயா…

கோவையிலிருந்து:
சரி, நான்கு பேர் ஆதரவில் 'காப்பு அலைக்கற்றை' அச்சுக்குப் போகிறது. இரண்டாவதற்குச் சொல் அமையவில்லை, 'இருப்பவரை விலக்கி இடம் தருதல்' என்று வாக்கியமாகவே எழுதிவிட்டேன்.

கரூரிலிருந்து:
என் மறுப்பு இருக்கிறது. அடுத்த பதிப்புக்காவது பாருங்கள்.