ட்ரா என்றால் வரைதல்தானே? இங்கே பொருந்தவில்லை, அவசரம்

செவ்வாய்ப்பேட்டை_சேலம்:
வணக்கம். ஒரு கையேட்டை இன்று சாயங்காலத்துக்குள் தமிழில் எழுதிக் கொடுக்கணும். அதில் "டு நாட் ட்ரா டிரை" என்று ஒரு வரி. ட்ரா என்றால் வரைதல், டிரை என்றால் காய்ந்த. "காய்ந்து வரையாதே" என்று எழுதினால் அர்த்தமே வரலை. பக்கத்துக்குப் பக்கம் இதே வார்த்தைதான். யாராவது சொல்லுங்க.

கன்னங்குறிச்சி:
எதைப் பற்றிய கையேடுங்க? முன்னாடி பின்னாடி இருக்கிற வரிகளையும் போடுங்க. ஒற்றை வரியை வைத்து எப்படிச் சொல்றது?

ஆத்தூர்_போர்வெல்:
பம்புசெட் கையேடாத்தான் இருக்கும். கிணற்றில் தண்ணீர் இறைப்பதும் ட்ராதான். "வற்றும்வரை இறைக்காதே" என்று எழுதிடுங்க. தண்ணீர் இல்லாமல் பம்பு ஓடினால் சீலுக்குக் குளிர்ச்சி கிடைக்காது, சூடேறிக் கருகிவிடும். அதனால்தான் கையேட்டில் போட்டிருப்பாங்க.

கன்னங்குறிச்சி:
பம்புன்னு அவர் சொல்லவே இல்லையே.

அஸ்தம்பட்டி_இலக்கணம்:
கேள்வி போடும் முன் நல்ல அகராதி ஒன்றைப் புரட்டும் பழக்கம் வேண்டும். "ட்ரா எ பிக்சர்" என்று சின்ன வகுப்பில் படித்ததோடு நின்றால் இப்படித்தான் முட்டும். ட்ராவின் மூலப் பொருள் இழு. இழுத்துச் செல் என்ற பொருளுள்ள டிராக் என்ற சொல் இதன் நெருங்கிய உறவு. தாளின் மேல் எழுதுகோலை இழுத்ததால் வந்ததுதான் வரைதல் என்ற பொருள். இறந்தகாலம் ட்ரூ, மூன்றாம் வடிவம் (பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்) ட்ரான். ட்ராட் என்று எழுதிவிட வேண்டாம்.

ஏற்காடு_அடிவாரம்:
விஷயம் சரிதான் ஐயா, அதட்டாமலே சொல்லலாம். நாமும் "கோடு இழு" என்றுதானே பேசுறோம்? வரைதலுக்கும் இழுத்தலுக்கும் உள்ள உறவு நம்ம பேச்சிலேயே கிடக்கு.

கேட்டவருக்கு: எல்லா இடத்திலும் முதலில் இழு என்று போட்டுப் பாருங்க. மேசை டிராயர், இழுக்கிற அறை. காலில் மாட்டுற டிராயரும் அப்படித்தான், மேலே இழுத்துப் போடுவதால் அந்தப் பேர். மோட்டார் 6 ஆம்பியர் ட்ரா பண்ணுது என்றால் கரண்ட் இழுக்குது. லேபில் ரத்தம் ட்ரா பண்ணுவது, ஊசியில் இழுத்து எடுப்பது. லக்கி ட்ராவில் சீட்டை உருவி எடுக்கிறாங்க. கூட்டத்தை ட்ரா பண்ணினால் கூட்டத்தை இழுத்தது. பக்கத்தில் ஒட்டுகிற சொல் மாறினால் மட்டும் கவனம்: ட்ரா அப் என்றால் பத்திரம், ஒப்பந்தம் தயாரிப்பது. ட்ரா நியர் என்றால் நெருங்குவது. மேட்ச் ட்ரா, வெற்றி தோல்வி இல்லாமல் முடிவது. இந்த மூன்றிலும் இழு என்று போட்டால் கெட்டுப்போகும்.

செவ்வாய்ப்பேட்டை_சேலம்:
மன்னிக்கணும், சொல்ல மறந்துட்டேன். கொலுசுப் பட்டறைக்கு வெள்ளிக் கம்பி செய்யும் கையேடு. முழு வரி: "ட்ரா த வயர் த்ரூ ஈச் ஹோல் இன் டர்ன். டு நாட் ட்ரா டிரை." இன்னொரு இடத்தில் "யூஸ் ஹார்ட் ட்ரான் வயர் ஃபார் த ஹூக்" என்று இருக்கு. கடினமாக வரைந்த கம்பியா?

கொலுசு_வேலை:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பம்பு வரைக்கும் போயிருக்க வேண்டாமே. இது கம்பி இழுத்தல், வேற எதுவும் இல்லை. "ஒவ்வொரு துளையாக, வரிசை தப்பாமல் கம்பியை இழுக்கவும். மெழுகு தடவாமல் இழுக்காதே." இங்கே டிரை என்றால் வழுக்குப் பொருள் இல்லாமல். தேன்மெழுகு தடவாமல் இழுத்தால் கம்பியில் கீறல் விழும், கம்பியச்சின் (படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும் துளைகள் வரிசையாக உள்ள தகடு) துளை தேயும், கம்பி அறுந்தும் போகும்.

இன் டர்ன் என்பதை விட்டுடாதீங்க, அதுதான் முக்கியம். முனையை ஊசி மாதிரி ராவி, கம்பியச்சுத் துளையின் அகலமான பக்கத்திலிருந்து நுழைத்து, குறட்டால் பிடித்து நேராக, நடுவில் நிறுத்தாமல் இழுக்கணும். ஒரு துளையைத் தாண்டி அடுத்ததுக்குப் போனால் அறுந்துடும். 2 மில்லிமீட்டர் கம்பியை 1 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால் நீளம் நாலு மடங்கு ஆகும்.

இழுக்க இழுக்க வெள்ளி விறைக்கும். மூணு நாலு துளைக்கு ஒருமுறை 650 டிகிரி அளவுக்கு, மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சினால் மறுபடி இளகும். 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி உள்ள கலவை) 800 டிகிரியை ஒட்டியே உருக ஆரம்பிச்சுடும், அதனால் பளிச்சென்று சிவக்க விடக்கூடாது. அப்படிக் காய்ச்சாமல், இழுத்து விறைத்த நிலையிலேயே விட்ட கம்பிதான் ஹார்ட் ட்ரான். கொக்கி வளைந்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பணும், அதுக்காகத்தான் அதைக் கேட்கிறாங்க. "கடினமாக வரைந்த" என்று எழுதினால் பட்டறையில் ஒருத்தருக்கும் புரியாது.

ஆத்தூர்_போர்வெல்:
பம்புன்னு நினைச்சது என் தப்புதான். ஒரு சந்தேகம்: ஏடிஎம்மில் பணம் ட்ரா பண்ணினேன் என்கிறோமே, அது தப்புன்னு சொல்றாங்களே?

அஸ்தம்பட்டி_இலக்கணம்:
வித்ட்ரா என்பதே சரி.

ஏற்காடு_அடிவாரம்:
தப்பில்லைங்க. கணக்கிலிருந்து பணம் ட்ரா பண்ணுவது ஆங்கிலத்தில் பழைய வழக்கு. காசோலை எழுதுகிறவருக்கு டிராயர் என்றே சட்டத்தில் பேர், 1881 மாற்றுமுறை ஆவணச் சட்டத்தைப் பாருங்க. இன்றைய பேச்சில் ஏடிஎம்முக்கு வித்ட்ரா அதிகம், அவ்வளவுதான்.

அஸ்தம்பட்டி_இலக்கணம்:
காசோலை எழுதுவது வேறு, பணம் எடுப்பது வேறு.

ஏற்காடு_அடிவாரம்:
வங்கியில் இருப்பதற்கு மேல் எடுத்தால் ஓவர்டிராஃப்ட் என்கிறோமே, அது பணம் எடுப்பதுதானே? டிராஃப்ட்டும் ட்ராவின் பிள்ளைதான்.

கன்னங்குறிச்சி:
அப்படியே இதையும் சொல்லுங்க. ட்ரா த கர்ட்டன்ஸ் என்றால் திரையைத் திறக்கிறதா, மூடுறதா?

ஏற்காடு_அடிவாரம்:
பெரும்பாலும் மூடுறது. திறப்பதற்கும் வரும், ஏன்னா இரண்டுக்கும் இழுக்கத்தானே வேணும். குழப்பம் வேண்டாம் என்றால் ஓபன், குளோஸ் என்றே எழுதிடலாம்.

செவ்வாய்ப்பேட்டை_சேலம்:
எழுதிக் கொடுத்துட்டேன். எல்லா இடத்திலும் இழு என்று மாற்றினேன், கொக்கிக் கம்பிக்குக் "காய்ச்சாத கம்பி" என்று போட்டேன். ரொம்ப நன்றிங்க.

கொலுசு_வேலை:
"இழுத்தபின் காய்ச்சாத கம்பி" என்று போடுங்க. இல்லாட்டி இழுக்காத கம்பியைக் கொடுத்துடுவாங்க.