ஷூமனின் ட்ராய்மெரை: ஒரே பக்கம், எட்டு மாதம்

ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமனின் 'ட்ராய்மெரை' (கனவு காணுதல் என்று பொருள்) என்ற இந்தச் சின்ன பியானோ துண்டு, பியானோ கலைஞர் ஹோரோவிட்ஸின் மாஸ்கோ வீடியோவில்தான் எனக்கு அறிமுகம். 1925இல் சோவியத் நாட்டை விட்டுப் போன மனிதர், 61 வருடம் கழித்து 1986 ஏப்ரலில் திரும்பி வந்து, 82 வயதில், கச்சேரி முடிந்த பிறகு கூடுதலாக இதை வாசிக்கிறார். கேட்பவர்களில் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்க, கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கும். அந்த ஆளைப் பார்த்துவிட்டுத்தான் நான் நாற்பது வயதில் கற்றுக்கொள்ளக் கிளம்பினேன்.

ஷீட்டைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. ஒரே பக்கம், 24 பார் (தாளக் கட்டம்), எஃப் மேஜர் ஸ்கேல், வேகமும் இல்லை. ஒரு மாதம் போதும் என்று நினைத்தேன், எட்டு மாதம் ஆனது.

வீட்டில் இருந்தது பழைய கீபோர்டு. எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம். இந்தத் துண்டில் மேல் விரல் மட்டும் பாடுவதில்லை, நடுவில் இருக்கும் குரல்களும் ஆளுக்கொரு மெட்டை மாறி மாறி எடுத்துப் போகின்றன, அவற்றில் எது முன்னால் எது பின்னால் என்று விரலின் எடையில்தான் காட்ட வேண்டும். அந்தக் கீபோர்டில் எல்லாமே ஒரே கூட்டமாகக் கத்தியது. ஆசிரியர் வீட்டு பியானோவில் உட்கார்ந்த பிறகுதான் நான் வாசித்துக்கொண்டிருந்தது என்ன என்றே புரிந்தது. இடது கைக்கு எட்டாத கார்டுகளை (சேர்த்து அழுத்த வேண்டிய சுரங்களை) ஒன்றன்பின் ஒன்றாக உருட்டித்தான் போட்டேன், இன்னும் அப்படித்தான்.

அப்புறம் வேகம். ஹோரோவிட்ஸைப் போலவே இழுத்து இழுத்து வாசித்தேன், தாலாட்டு மாதிரி. பழைய பதிப்பில் நிமிடத்துக்கு 100 தட்டு என்று போட்டிருக்கிறது! அந்தக் கணக்கில், திருப்பி வாசிக்கும் பகுதியையும் சேர்த்து முழுதும் ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். ஷூமனின் மெட்ரோனோமே (தாளம் தட்டும் கருவி) கோளாறு என்பவர்கள் உண்டு. சரி, பார்ப்போமே என்று ஒருநாள் 100இல் வைத்தேன். அது தூக்கமே இல்லை, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு நொடி எங்கேயோ பார்த்துவிட்டுத் திரும்புவது போல இருந்தது. எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. ட்ராய்மெரை இருப்பது 'குழந்தைப் பருவக் காட்சிகள்' என்ற தொகுப்பில்; 1838இல் எழுதிய அதன் 13 துண்டுகளும் குழந்தைகள் வாசிக்க எழுதியவை அல்ல, வளர்ந்த ஒருவர் குழந்தைப் பருவத்தை நினைத்துப் பார்ப்பது. நீங்கள் சிலசமயம் குழந்தை மாதிரி இருக்கிறீர்கள் என்று காதலி கிளாரா எழுதியதன் எதிரொலியோ என்னவோ என்று ஷூமனே அவளுக்கு எழுதியிருக்கிறார். அப்போது இருவருக்கும் கல்யாணம்கூட ஆகவில்லை, அவளுடைய அப்பா குறுக்கே நின்ற காலம்.

என் ஒரே பலவீனம் அந்தக் கடைசி ஏ சுரம். மெட்டு முதல் தடவை எஃப் வரை ஏறும், இரண்டாம் தடவை ஏ வரை எட்டும். முடிவில் மறுபடி அதே ஏ வருகிறது, ஆனால் கீழே கார்டு வேறு, மேலே, நீட்டி நிற்கச் சொல்லும் நிறுத்தக் குறி. போன வாரம் வீட்டில் வாசிக்கும்போது அங்கே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

சமையலறையிலிருந்து அம்மா கேட்டார்: "என்னடா, கரண்ட் போயிடுச்சா?"