அகத்தியர்கூடம்: சித்தப்பாவை அதிருமலையிலேயே விட்டுவிட்டு உச்சிக்குப் போகலாமா?

பிப்ரவரியில் கேரளத்தின் போனக்காடு வழியாக அகத்தியர்கூடம் மலைக்குப் போக எனக்கும் சித்தப்பாவுக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது. முதல் நாள் அதிருமலை முகாம், மறுநாள் 1,868 மீட்டர் உச்சிக்குப் போய்த் திரும்புவது, மூன்றாம் நாள் இறக்கம் என்பது வழக்கமான திட்டம்.

சித்தப்பாவுக்கு வயது 58. ஏறும்போது என்னை முந்திக்கொண்டு போவார். இறங்கும்போதுதான் சிக்கல். கொஞ்ச தூரத்திலேயே இடது முழங்காலின் வெளிப்பக்கம் சுருக்கென்று குத்தும், அப்புறம் காலை மடக்கவே பயப்படுவார். வீக்கம் கிடையாது, சமதரையில் வலியும் கிடையாது. சதுரகிரி போய்வந்ததிலிருந்து இப்படி.

முட்டி உறை போட்டுப் பார்த்தோம், உபயோகமில்லை. இரண்டு கையிலும் ஊன்றுகோல் வைத்து இறங்கினால் ஓரளவு தேவலை. ஷூவையும் மாற்றியாயிற்று. மருத்துவர் தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்து, "நடக்கலாம், செங்குத்து இறக்கம் வேண்டாம்" என்றார். உச்சிக்குக் கீழே கயிற்றைப் பிடித்து ஏறி இறங்கும் பாறைகளை நினைத்தால் எனக்கே கலக்கம். மூன்றாம் நாள் இறக்கத்தை மெதுவாகச் சமாளித்துவிடுவார் என்று நம்புகிறேன். வரவே வேண்டாம் என்றால் மனுஷன் கேட்கிற ஆள் இல்லை.

விசாரிக்க வனத்துறையைக் கூப்பிட்டால் போனை யாரும் எடுப்பதில்லை. யூடியூபில் எல்லோரும் உச்சியைத்தான் காட்டுகிறார்கள், முகாமில் தங்கியவர் பற்றிப் பேச்சே இல்லை.

சமீபத்தில் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: இரண்டாம் நாள் ஒருவர் மட்டும் அதிருமலை முகாமிலேயே இருக்க வழிகாட்டிகள் விடுவார்களா?