திருப்பி விடும் கிணறு தண்ணீர் வாங்கவில்லை, அமிலம் விடலாமா?

கேள்வி:
மேற்கு ஜாவாவில் ஒரு புவிவெப்ப மின் நிலையத்தில் வேலை. நீராவியைப் பிரித்த பிறகு மிஞ்சும் வெந்நீரைப் பூமிக்குள் திருப்பி விடும் கிணறு ஒன்று, மூன்று வருடத்தில் முன்பு வாங்கியதில் பாதிதான் வாங்குகிறது. 12 சதவீதம் ஹைட்ரோகுளோரிக், 3 சதவீதம் ஹைட்ரோஃபுளோரிக் கலந்த மட் ஆசிட் விடலாம் என்று பேச்சு. செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில் 1:
தம்பி, முதலில் அடைத்திருப்பது எது என்று பாருங்கள். குழாயில் சுரண்டிய படிவத்தில் ஒரு துண்டை எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் கால்சைட், அதாவது சுண்ணாம்புப் படிவம். ஹைட்ரோகுளோரிக் மட்டுமே போதும். கண்ணாடிச் சில்லு மாதிரி சும்மா கிடந்தால் சிலிகா, மணலில் இருக்கும் அதே பொருள். உங்கள் கிணற்றில் அதுவாகத்தான் இருக்கும். நீராவி பிரிந்ததும் மிச்சத் தண்ணீரில் சிலிகா செறிந்துவிடும், ஆற ஆறப் படியும். அதற்குத்தான் ஹைட்ரோஃபுளோரிக்.

ஆனால் வெறும் ஹைட்ரோகுளோரிக்கால் முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். நான் இருந்த ஒரு கிணற்றில் அவசரத்தில் அதைக் குறைத்துவிட்டார்கள். பாறையில் சுண்ணாம்பு மிச்சமிருந்தால் ஹைட்ரோஃபுளோரிக் அதோடு சேர்ந்து கால்சியம் ஃபுளோரைடாகப் படியும். அதுவே புது அடைப்பு. இறங்க வேண்டிய பம்ப் அழுத்தம் ஏறியது. அந்த முள்ளைப் பார்த்தபடி விடியும்வரை நின்றது இன்னும் மனதில் இருக்கிறது.

அப்புறம், எந்த ஆழம் தண்ணீர் வாங்குகிறது என்று ஸ்பின்னர் (நீரோட்டத்தை அளக்கும் சுழலி) இறக்கிப் பாருங்கள். காயில் டியூபிங்கில் (சுருளிலிருந்து கிணற்றுக்குள் இறக்கும் மெல்லிய குழாய்) அந்த இடத்துக்கே அமிலத்தைக் கொண்டுபோங்கள். மேலிருந்து ஊற்றினால் ஏற்கெனவே திறந்திருக்கும் வெடிப்புக்குள்தான் போகும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. துண்டில் விட்டுப் பார்த்தேன், பொங்கவில்லை. கிணற்றை மூடி வைத்தால் அடியில் 240 டிகிரி வரை ஏறுகிறது. லைனர் (கிணற்றின் உள் இரும்புக் குழாய்) தாங்குமா?

பதில் 1:
அந்தச் சூட்டில் இன்ஹிபிட்டர் (இரும்பை அரிக்காமல் தடுக்க அமிலத்தில் சேர்க்கும் மருந்து) நிற்காது, அமிலம் இரும்பைத் தின்றுவிடும். முன்னதாகக் குளிர்ந்த தண்ணீரை மணிக்கணக்கில் விட்டு ஆற்றுங்கள். அமிலம் முடிந்ததும் இடைவெளி விடாமல் பின்னாலேயே தண்ணீர் தள்ளுங்கள். கரைந்த சிலிகா கிணற்றுப் பக்கத்திலேயே மறுபடி படியக் கூடாது.

பதில் 2:
பிரான்ஸில் சுல்ட்ஸ் புவிவெப்பத் திட்டத்தில் 5 கிலோமீட்டர் ஆழக் கிரானைட் கிணறுகளுக்கு அமிலம் விட்டார்கள். பலன் கிணற்றுக்குக் கிணறு மாறியது. அதனால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் தண்ணீர் விட்டு அழுத்தத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஹைட்ரோஃபுளோரிக் தோலில் பட்டால் உடனே வலிக்காமலே போகலாம். ஆனால் உள்ளே இறங்கி ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. பட்ட இடத்தில் தடவும் முதலுதவி மருந்தான கால்சியம் குளுக்கோனேட் ஜெல், அமில டேங்கர் வரும் முன்பே தளத்தில் இருக்கட்டும்.

கேட்டவர்:
ஸ்டோரில் போய்ப் பார்த்தேன் சார். இரண்டு டியூப், இரண்டும் காலாவதி. புதிதுக்கு இன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். அது வந்த பிறகுதான் டேங்கருக்குத் தேதி கொடுப்பேன்.