1.2 பெட்ரோல், 5 கியர் மேனுவல்: மைலேஜ் 17.5-லிருந்து 14.3-க்கு இறங்கிவிட்டது. எங்கே தேடுவது?

நீலஹேட்ச்பேக்:
ஓடியது 62,000 கி.மீ. டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்தால் முன்பு லிட்டருக்கு 17.5 வரும். இப்போது 14.3. டிஸ்ப்ளே மட்டும் 16.1 என்கிறது. தினசரி ஓட்டம் ஒரு வழிக்கு 9 கி.மீ., பாதி தூரம் நெரிசல். ஏர் ஃபில்டர், நாலு பிளக் புதுசு. டயர் தேய்ந்ததால் 175/65 ஆர்14-க்குப் பதில் 185/65 ஆர்14 போட்டாகிவிட்டது. செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை. இறக்கத்தில் நியூட்ரலில்தான் விடுகிறேன். ஒர்க்‌ஷாப்பில் இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் பெட்ரோல் தெளிக்கும் முனை) கிளீனிங் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

ஸ்பானர்கை:
இன்ஜெக்டரை இப்போதைக்குத் தொடாதீங்க. அந்த 14.3 நிஜமான்னு முதல்ல பார்க்கணும். எத்தனை லிட்டருக்குக் கணக்கு எடுத்தீங்க? பம்ப் கன் கட் ஆகும் இடம் ஒரு தடவைக்கு ஒரு தடவை ஒரு லிட்டர் வரை முன்னே பின்னே போகும். 10 லிட்டர் போட்டுப் பார்த்தால் அதுவே 10% பிழை. 30 லிட்டர் என்றால் 3%தான். அதே பம்ப், வண்டி நிற்பது சமதளம், முதல் கட் ஆனதும் நிறுத்தணும். கழுத்து வரை நிரப்பினால் கணக்கும் கெடும், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கிற கேனிஸ்டரும் நனைந்து கெடும். இப்படி மூணு டேங்க் பார்த்துச் சராசரி எடுங்க. டிஸ்ப்ளேயை நம்ப வேண்டாம், பல வண்டிகளில் அது கொஞ்சம் தாராளமாகவே காட்டும்.

அஞ்சாம்கியர்:
டயரை யாரும் கவனிக்கவில்லையே. 175/65 ஆர்14-ன் விட்டம் 583 மி.மீ., 185/65 ஆர்14 என்றால் 596. அதாவது 2.2% பெரிது. சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகிறது, ஓடோமீட்டருக்கோ அது தெரியாது. மீட்டர் 400 காட்டினால் நிஜத்தில் ஓடியது 409 கி.மீ. ஆகவே உங்கள் 14.3 உண்மையில் 14.6. இனிமேல் எல்லாத் தூரத்தையும் 1.022-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

காற்று: கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான், டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது அல்ல (அது உச்ச வரம்பு). வண்டி மூணு மணி நேரமாவது நின்ற பிறகு பார்க்க வேண்டும். ஓடிச் சூடானால் 3, 4 பி.எஸ்.ஐ. ஏறித் தெரியும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும்.

நியூட்ரல் பழக்கத்தை விடுங்கள். கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க எடுத்தால், சூடான எஞ்சினில் சுமார் 1,300 ஆர்.பி.எம்.க்கு மேல் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) இன்ஜெக்டரை மூடிவிடும், பெட்ரோல் பூஜ்யம். நியூட்ரலில் எஞ்சின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள மணிக்கு 0.7 லிட்டர் அளவுக்குக் குடிக்கும். மிக லேசான சரிவில், கியரில் விட்டால் வேகம் குறைந்து மறுபடி மிதிக்க வேண்டி வருகிற இடத்தில் மட்டும் நியூட்ரல் கணக்கில் ஜெயிக்கலாம். அதற்காக எஞ்சின் பிரேக்கிங்கை இழப்பது புத்திசாலித்தனம் இல்லை. எஞ்சினையே அணைத்துவிட்டு இறக்குவது பற்றிப் பேசவே வேண்டாம்: ரெண்டு மூணு மிதியில் பிரேக் பூஸ்டர் (பிரேக் மிதியை லேசாக்கும் வெற்றிடம்) காலியாகிவிடும்.

குட்டிஎஞ்சின்:
அஞ்சாம் கியரைச் சீக்கிரம் போட்டால் மைலேஜ் வரும் என்பார்களே, 40-லேயே போட்டுவிடலாமா?

அஞ்சாம்கியர்:
சமதளத்தில் ஒரே வேகமாகப் போனால் பரவாயில்லை. ஏற்றத்திலோ வேகமெடுக்கும்போதோ 1,500-க்குக் கீழே அழுத்தி மிதித்தால் நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டும் சத்தம்) வரும். ஈசியூ பிளக்கின் தீப்பொறி நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும், திறன் போச்சு. இந்த அளவு எஞ்சினுக்கு வேகமெடுக்கையில் 2,000-லிருந்து 2,500-க்குள் கியர் மாற்றுவது நல்லது: ரெண்டாவது 15–20, மூணாவது 30–35, நாலாவது 45–50, அஞ்சாவது 60 கி.மீ. ஒட்டி. நத்தை மாதிரி வேகமெடுப்பதும் லாபமில்லை. மிதமாக அழுத்திச் சீக்கிரம் மேல் கியருக்குப் போய்விடுங்கள்.

ஸ்பானர்கை:
ஓட்டும் முறை மட்டும் ஒரேயடியா 17% தின்னாது. நீலஹேட்ச்பேக், மூணு சோதனை செய்துட்டு எண்களைப் போடுங்க.

ஒண்ணு, 15 கி.மீ. ஓட்டிட்டு, கடைசியில் பிரேக்கைக் கூடிய வரை தொடாமல் நிறுத்தி, நாலு சக்கரத்தின் வெப்பத்தையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்க. ரெண்டு, ஓபிடி ஸ்கேனரில் (வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி) கூலன்ட் வெப்பநிலை, நெரிசலில் எவ்வளவு, 80 கி.மீ. வேகத்தில் எவ்வளவு, கூடவே எல்.டி.எஃப்.டி. (ஈசியூ நீண்ட நாள் போக்கில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்). மூணு, நாலாவது கியரில் 50-ல் போகும்போது முழுசா மிதிங்க. வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் எகிறினால் கிளட்ச் வழுக்குது.

நீலஹேட்ச்பேக்:
சக்கரம்: முன் இடது 51, பின் ரெண்டும் 46, முன் வலது 93 டிகிரி. கூலன்ட்: நெரிசலில் 84, நெடுஞ்சாலையில் 69–71. எல்.டி.எஃப்.டி. +3%. கிளட்ச் வழுக்கவில்லை. மூணு டேங்க் சராசரி, டயர் திருத்தத்துடன் 14.7.

ஸ்பானர்கை:
ரெண்டு குற்றவாளியும் சிக்கியாச்சு. +3% சாதாரணம், 10-ஐத் தாண்டினால்தான் கவலை. இன்ஜெக்டர் கிளீனிங் தேவையில்லை.

முன் வலது பிரேக் பிடிச்சுட்டே இருக்கு. பெரும்பாலும் காலிபரின் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) ஸ்லைட் பின், அதாவது அது நகர்கிற கம்பி, இறுகியிருக்கும். ரெண்டு பின்னையும் உருவி, துரு சுத்தம் செய்து, கிழிந்த ரப்பர் உறையை மாற்றி, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் தடவுங்க. சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். ஸ்லைட் பின் சரியாக இருந்தும் சக்கரம் சுற்றலைன்னா பிளீடர் நட்டை (பிரேக் ஆயிலை வெளியே விடும் திருகு) தளர்த்திப் பாருங்க: உடனே விடுபட்டால் ஹோஸ் உள்ளே அடைப்பு அல்லது மாஸ்டர் சிலிண்டர், விடுபடலைன்னா பிஸ்டன்.

காற்று படும்போது 70-க்கு விழுந்தால் தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்தபடி நின்னுடுச்சு. எஞ்சின் சூடாகிறதுக்கு நேரம் பிடிக்கும், அதுவரை ஈசியூ கூடுதல் பெட்ரோல் ஊற்றும், ஆயிலும் கெட்டியா இருக்கும். உங்க 9 கி.மீ. ஓட்டத்தில் முக்கால்வாசி இப்படியே போகுது. விளக்கு எரியலைன்னு நம்பாதீங்க; பி0128 கோடு (கூலன்ட் போதிய சூட்டை எட்டலைன்னு சொல்லும் பிழைக் குறி) சின்ன ஓட்டங்களில் பதிவாகாமலே போகலாம். எஞ்சின் ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கணும். திறக்கும் வெப்பநிலை பழசில் பொறித்திருக்கும், அதே அளவில் புதுசு, ஓ-ரிங்கும் புதுசு. கூலன்ட் அதே வகை, கான்சென்ட்ரேட்டாக இருந்தால் டிஸ்டில்டு தண்ணீருடன் சரிபாதி. நிரப்பியதும் ஹீட்டரை முழுசா வைத்து, ரேடியேட்டர் ஃபேன் ரெண்டு தடவை சுற்றி நிற்கும் வரை ஐடிலில் விடுங்க. காற்றுக் குமிழி வெளியேறும். ஆறினதும் மட்டம் பாருங்க.

நீலஹேட்ச்பேக்:
கீழ் ஸ்லைட் பின் துருப்பிடித்து அசையவே இல்லை. பழைய தெர்மோஸ்டாட் குளிர்ந்த தண்ணீரிலேயே திறந்து கிடந்தது. ரெண்டும் சரி செய்தாகிவிட்டது: நெடுஞ்சாலையில் கூலன்ட் 88, முன் சக்கரம் ரெண்டும் 50 பக்கம். அடுத்த ரெண்டு டேங்க் சராசரி, திருத்தத்துடன் 16.8. மீதி 0.7 எங்கே?

அஞ்சாம்கியர்:
புது டயரின் ரப்பர் கனம் தேயத் தேய உருளும் தடை குறையும், அகலமான டயர் கொஞ்சம் தின்னத்தான் செய்யும். வீல் அலைன்மென்ட் பார்த்தீர்களா? டோ (சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) விலகியிருந்தால் டயரின் ஓரம் ரம்பப்பல் மாதிரி தேயும், கையால் குறுக்கே இரு திசையிலும் தடவினால் தெரியும். ஆயில் எந்த கிரேடு ஊற்றியிருக்கிறார்கள் என்றும் பில்லில் பாருங்கள். கையேட்டில் 5டபிள்யூ-30 இருக்க அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-40 ஊற்றியிருந்தால் அதுவும் ஒரு பங்கு.

நீலஹேட்ச்பேக்:
பில்லில் 20டபிள்யூ-40.